டெண்டர் விடும் முன் 150 கன்டெய்னர்களின் நாட்களை எண்ணுங்கள்

கேள்வி: ஒரு பெரிய பன்னாட்டு உற்பத்தி நிறுவனத்தில் உலகளாவிய சரக்குப் போக்குவரத்தின் முழுப் பொறுப்பும் மூன்று மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தது. மூன்று கண்டங்களில் ஐந்து ஆலைகள், பதினான்கு கிடங்குகள், ஆண்டுக்கு ஏறக்குறைய 6,000 கன்டெய்னர்கள். அவசரத்துக்கு விமானம். போக்குவரத்துச் செலவில் இந்த ஆண்டு 10 சதவீதம் குறைக்கச் சொல்கிறது நிர்வாகம். சரக்கு சொன்ன நாளில் வருவதே இல்லை என்கிறது விற்பனைப் பிரிவு. டெமரேஜ் (துறைமுகத்தில் பெட்டி தேங்குவதற்கான கட்டணம்) பில்கள் மாதாமாதம் ஏறுகின்றன. எல்லா வழித்தடங்களையும் ஒன்றாகச் சேர்த்து உடனே புதிய டெண்டர் விட்டால் கட்டணம் இறங்கும் என்று நினைக்கிறேன். இது சரியா? அல்லது வேறு எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமா?

பதில்: டெண்டர் விடத்தான் வேண்டும். ஆனால் இப்போது வேண்டாம், ஒரு காலாண்டு தள்ளிப் போடுங்கள். எந்த வழித்தடத்தில் வாரம் எத்தனை பெட்டி போகும் என்று உங்களாலேயே சொல்ல முடியாத நிலையில் டெண்டருக்குப் போனால், கப்பல் நிறுவனம் அந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்தே விலை போடும். அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று உண்டு. நிர்வாகத்தின் புகாரும் விற்பனைப் பிரிவின் புகாரும் டெமரேஜ் பில்லும் மூன்று தனிப் பிரச்சினைகளாக உங்களுக்குத் தெரிகின்றன. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: ஒரு சரக்கு வந்து சேர எத்தனை நாளாகும் என்பது ஒவ்வொரு முறையும் மாறுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே விட்டுவிட்டுக் கட்டணத்தை மட்டும் குறைத்தால், பெட்டிக்கு 100 டாலர் மிச்சம் பிடித்துவிட்டு வேறு மூன்று கணக்குகளில் அதைவிட அதிகமாக இழப்பீர்கள்.

அதனால் முதல் வேலை நாட்களை எண்ணுவது. அதிகச் சரக்கு போகும் ஐந்து வழித்தடங்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் கடைசியாகப் போன 30 கன்டெய்னர்கள், ஆக 150. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு வரி. அதில் இந்தத் தேதிகள் வர வேண்டும்: சரக்கு தயாரான நாள், புக்கிங் கேட்ட நாள், புக்கிங் உறுதியான நாள், காலிப் பெட்டி எடுத்த நாள், லோடு ஏற்றிய நாள், துறைமுக வாசலுக்குள் போன நாள், கப்பலில் ஏறிய நாள், இடைத் துறைமுகத்தில் இறங்கிய நாளும் மறுபடி ஏறிய நாளும், கடைசித் துறைமுகத்தில் இறங்கிய நாள், சுங்க அனுமதி கிடைத்த நாள், துறைமுகத்தை விட்டு வெளியே வந்த நாள், கிடங்கில் இறக்கிய நாள், காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்த நாள். இவை ஒரே இடத்தில் கிடைக்காது. பாதி கப்பல் நிறுவனத்தின் டிராக்கிங்கில் இருக்கும், கொஞ்சம் லாரி நிறுவனத்தின் டிரிப் ஷீட்டில், மீதி கிடங்கின் வாசல் பதிவேட்டில். இரண்டு பேர் மூன்று வாரம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். இதற்காக விலை உயர்ந்த கண்காணிப்பு மென்பொருள் எதையும் இப்போது வாங்காதீர்கள். 'வந்து சேர்ந்த நாள்' என்றால் ஆலைக்கு ஒரு பொருள், கிடங்குக்கு ஒரு பொருள், விற்பனைக்கு ஒரு பொருள். அந்தக் குழப்பம் தீராமல் மென்பொருளுக்குள் போனால் அதே குழப்பத்தைத்தான் வண்ண வரைபடமாகப் பார்ப்பீர்கள்.

வரிகள் நிரம்பியதும், அடுத்தடுத்த இரண்டு தேதிகளுக்கு இடையே எத்தனை நாள் என்று கணக்கிடுங்கள். ஒவ்வொரு இடைவெளிக்கும் சராசரியும் திட்ட விலக்கமும் (சராசரியிலிருந்து நாட்கள் எவ்வளவு விலகி ஆடுகின்றன என்ற அளவு) எடுங்கள். கப்பல் கடலில் ஓடும் நாட்கள் பொதுவாக அவ்வளவு ஆடாது. ஆடுவது இரண்டு முனைகளும் நடுவில் உள்ள இடைத் துறைமுகமும்தான். சரக்கு தயாராகிப் புக்கிங் கிடைக்கும் வரை, இடைத் துறைமுகத்தில் அடுத்த கப்பல் வரும் வரை, இறங்கியபின் துறைமுக வாசலைத் தாண்டும் வரை என்ற மூன்று காத்திருப்புகளை முதலில் பாருங்கள்.

இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு பணம் தின்னும் என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். ஒரு கிடங்கில் ஒரு பொருள் நாளுக்குச் சராசரி 100 போகிறது, தினசரித் தேவையின் திட்ட விலக்கம் 20. சரக்கு வந்து சேரச் சராசரி 35 நாள், அதன் திட்ட விலக்கம் 3 நாள். சேஃப்டி ஸ்டாக் (சரக்குத் தீர்ந்துபோகாமல் இருக்க வைக்கும் கூடுதல் இருப்பு) கணக்கில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, 20-இன் வர்க்கத்தை 35 நாளால் பெருக்குவது: 14,000. இரண்டாவது, 100-ஐ 3 நாளால் பெருக்கி வர்க்கம் எடுப்பது: 90,000. கூட்டினால் 1,04,000, வர்க்கமூலம் ஏறக்குறைய 322. சரக்குத் தீராமல் இருக்க 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் 1.65-ஆல் பெருக்க வேண்டும். ஆக சுமார் 532 உருப்படிகளைக் கூடுதலாக வைத்திருக்க வேண்டும்.

இப்போது மலிவான சேவைக்கு மாறுகிறீர்கள், சராசரி 45 நாளாகிறது, திட்ட விலக்கம் அதே 3 நாள் என்று வைத்துக்கொள்வோம். சேஃப்டி ஸ்டாக் 542 ஆகும், பத்தே உருப்படிதான் ஏறியது. பத்து நாள் கூடுதலாகக் கடலில் மிதக்கும் 1,000 உருப்படிகளின் முதலீட்டை மட்டும் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். மாறாக, சராசரி 35 நாளாகவே இருந்து திட்ட விலக்கம் மட்டும் 3-இலிருந்து 7 நாளானால் சேஃப்டி ஸ்டாக் 1,171 ஆகிவிடும். இரண்டு மடங்குக்கும் மேல்! மெதுவாக ஆனால் சொன்ன நாளில் வரும் கப்பலையும், வேகமாக ஆனால் நாள் சொல்ல முடியாதபடி வரும் கப்பலையும் ஒப்பிடும்போது, பெரும்பாலான நிறுவனங்கள் சராசரியை மட்டும் பார்த்துத் தவறான கப்பலைத் தேர்ந்தெடுக்கின்றன. இந்தச் சூத்திரத்துக்கும் ஒரு குறை உண்டு. உண்மையில் தாமதங்கள் ஒரே பக்கம் நீளும். பத்து நாள் முன்கூட்டி எதுவும் வருவதில்லை, இருபது நாள் பிந்தி வரும். அதனால் விற்பனைப் பிரிவுக்கு நாள் சொல்லும்போது சராசரியைச் சொல்லாதீர்கள். அந்த 30 கன்டெய்னர்களை நாள்வாரியாக வரிசைப்படுத்தி 27-ஆவது பெட்டி எத்தனை நாளில் வந்ததோ அதைச் சொல்லுங்கள். பத்தில் ஒன்பது முறை சொன்ன சொல் நிற்கும். சண்டை பாதி குறையும்.

கடலில் மிதக்கும் முதலீட்டுக்கும் விலை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன்டெய்னரில் 2 லட்சம் டாலர் சரக்கு, உங்கள் நிதிப் பிரிவு மூலதனத்துக்கு வைக்கும் விலை ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால், ஒரு நாளுக்கு ஏறக்குறைய 55 டாலர். ஒரு வாரம் மெதுவான சேவையில் பெட்டிக்கு 385 டாலருக்கு மேல் கட்டணம் குறைந்தால்தான் அது மலிவு. இந்த ஒரு எண்ணை ஒவ்வொரு வழித்தடத்துக்கும் எழுதி டெண்டர் தாளோடு சேர்த்து வையுங்கள்.

அடுத்தது டெமரேஜ். உங்கள் கடிதத்தில் இதை ஒரே வரியில் சொல்லிப் போய்விட்டீர்கள், ஆனால் வேகமாகப் பலன் தெரியும் இடம் இதுதான். முதலில் இரண்டு பில்களையும் பிரியுங்கள். நிரம்பிய பெட்டி, கப்பல் நிறுவனம் கட்டணமின்றித் தரும் இலவச நாட்களைத் தாண்டித் துறைமுகத்துக்குள் கிடந்தால் டெமரேஜ். வெளியே எடுத்த பெட்டியைக் காலி செய்து திருப்பிக் கொடுக்கத் தாமதமானால் டிடென்ஷன். இரண்டையும் சேர்த்து ஒரே கணக்காக வைக்கும் லைன்களும் (கப்பல் நிறுவனங்களும்) உண்டு. இரண்டுக்கும் காரணம் வேறு, பொறுப்பாளியும் வேறு. ஒரே தலைப்பில் போட்டு வைத்தால் யாரைக் கேட்பது என்றே தெரியாது.

ஒரு பெட்டியைப் பின்தொடர்ந்து பாருங்கள். வியாழக்கிழமை கப்பலிலிருந்து இறங்குகிறது. இலவச நாள் ஐந்து, விடுமுறையும் சேர்த்துத்தான். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று ஐந்தும் முடிந்துவிடும். அசல் பில் ஆஃப் லேடிங் (பெட்டியை எடுக்கக் காட்ட வேண்டிய, சரக்கின் உரிமைத் தாள்) கூரியரில் திங்கட்கிழமை வருகிறது. செவ்வாயன்று சுங்க முகவர் பதிவு செய்கிறார். புதன்கிழமை அனுமதி. வியாழன் காலை லாரி. புதன், வியாழன் இரண்டு நாள் டெமரேஜ் விழுந்தாயிற்று. கிடங்குக்குப் போனால் அங்கே ஏற்கெனவே ஒன்பது பெட்டிகள் நிற்கின்றன, இறக்கும் கதவு நான்குதான். நம் பெட்டி திங்கட்கிழமைதான் காலியாகிறது. செவ்வாயன்று காலிப் பெட்டியைக் கொண்டுபோனால், யார்டு நிரம்பிவிட்டது, வேறு யார்டுக்குப் போ என்கிறார்கள். இதில் யாரும் சோம்பேறித்தனமாக வேலை செய்யவில்லை. ஒவ்வொருவரும் ஓரிரு வேலை நாள்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எல்லோரும் பெட்டி இறங்கிய பிறகுதான் தொடங்கினார்கள்.

இதை உடைக்க முதலில் செய்ய வேண்டியது அசல் பில் ஆஃப் லேடிங்கை ஒழிப்பது. உங்கள் கன்டெய்னர்களில் பெரும்பகுதி உங்கள் ஆலையிலிருந்து உங்கள் கிடங்குக்கே போகிறது. அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே குழுமம். அப்படியிருக்க, சரக்கின் உரிமையைக் கைமாற்றும் ஓர் ஆவணம் எதற்கு? அங்கெல்லாம் சீ வேபில் (உரிமையைக் கைமாற்றாத கப்பல் ரசீது) போதும். பெட்டியை எடுக்க அசல் தாள் வரக் காத்திருக்க வேண்டாம். வங்கி வழியாக ஆவணத்துக்கு எதிராகப் பணம் வாங்கும் வெளி வாடிக்கையாளர்களுக்கு மட்டும் அசல் பில் வைத்துக்கொள்ளுங்கள். லெட்டர் ஆஃப் கிரெடிட் (எல்சி; சரியான ஆவணம் கொடுத்தால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதி) உள்ள இடத்தில் ஒரு எச்சரிக்கை: சரக்கு ஏறிய 21 நாளுக்குள் ஆவணங்கள் வங்கிக்குப் போக வேண்டும், எல்சியில் வேறு கெடு சொல்லியிருந்தால் அதற்குள். வங்கி அவற்றைப் பார்க்க 5 வங்கி நாட்கள் வரை எடுத்துக்கொள்ளலாம். வாங்குபவர் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் ஆவணம் நிற்கக்கூடும், பெட்டியும் நிற்கக்கூடும்.

இரண்டாவது, சுங்கப் பதிவு. கப்பல் வரும் முன்பே பதிவு செய்ய இன்று பெரும்பாலான நாடுகளில் வழியுண்டு. உங்கள் சுங்க முகவரிடம் ஒரே ஒரு அளவுகோல் வையுங்கள்: கப்பல் வருவதற்கு 48 மணி நேரம் முன் எத்தனை சதவீதப் பெட்டிகளுக்குப் பதிவு முடிந்திருந்தது? அது குறைந்தால் முகவரைத் திட்டும் முன், இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் அவருக்கு எப்போது போனது என்று பாருங்கள். பல நேரம் தாமதம் உங்கள் ஆலையின் பில்லிங் மேசையில்தான் இருக்கும்.

மூன்றாவது, எந்தப் பெட்டியை முதலில் எடுப்பது என்ற வரிசை. மூன்று கப்பல்கள் பிந்தி ஒரே வாரத்தில் சேர்ந்து வந்தால், வந்த வரிசையில் எடுக்காதீர்கள். இலவச நாள் முடியும் தேதி, கிடங்கில் அந்தப் பொருளின் கையிருப்பு இரண்டையும் வைத்துத் தினமும் காலையில் ஒரு பட்டியல் போடுங்கள். இலவச நாட்களை நீட்டிக்கக் கேட்க வேண்டியது ஒப்பந்தம் போடும்போது. பில் வந்த பிறகு கேட்பது கெஞ்சலாகத்தான் முடியும். பில்லில் தவறு இருந்தால் மறுக்கச் சான்று வேண்டும்: யார்டு பெட்டியை வாங்க மறுத்த நேரம், அந்தச் செய்தியின் படம், லாரி எண். அமெரிக்காவில் 2024 மே 28 முதல் அமலில் உள்ள விதிப்படி, கட்டணம் கடைசியாக விழுந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் இன்வாய்ஸ் வர வேண்டும், அதை மறுக்க உங்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்டுப் பில்களில் தேதியை முதலில் பாருங்கள்.

கிடங்கு வாசலில் ஆறு மணி நேரம் லாரியில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவருடைய காத்திருப்பு உங்கள் எந்த அறிக்கையிலும் வராது. ஆனால் நேரம் ஒதுக்காமல் வண்டிகளை வரச் சொல்லும் கிடங்குக்கு நல்ல லாரி நிறுவனங்கள் மெல்ல மெல்ல வருவதை நிறுத்திவிடும். கதவுக்கு நேரம் ஒதுக்குங்கள், கழிப்பறையும் குடிநீரும் கொடுங்கள். இது மனிதர்களுக்குச் செய்ய வேண்டிய அடிப்படை மரியாதை. பீக் சீசனில் வண்டி கிடைப்பதும் இதைப் பொறுத்ததே.

அடுத்து, உங்கள் வாங்கல், விற்பனை ஒப்பந்தங்களில் உள்ள இன்கோடெர்ம்ஸை (செலவும் பொறுப்பும் எந்த இடத்தில் விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு மாறும் என்று சொல்லும் சர்வதேச வணிக விதிகளை) திறந்து பாருங்கள். இன்கோடெர்ம்ஸ் 2020-இல் 11 விதிகள் உண்டு. கன்டெய்னர் சரக்குக்குப் பழக்கதோஷத்தால் எஃப்ஓபி எழுதியிருப்பார்கள். எஃப்ஓபியில் பொறுப்பு கைமாறுவது சரக்கு கப்பலில் ஏறும்போது. ஆனால் கன்டெய்னரை விற்பவர் சில நாள் முன்பே துறைமுக யார்டில் ஒப்படைத்துவிடுகிறார். அந்த இடைப்பட்ட நாட்களில் பெட்டி கீழே விழுந்தால் இழப்பு விற்பவர் தலையில்; பெட்டியோ அவர் கையில் இல்லை. இதற்குச் சரியான விதி எஃப்சிஏ; அதில் வாங்குபவர் அமர்த்திய போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைத்ததுமே பொறுப்பு கைமாறும். கப்பலில் ஏறியதாகக் குறித்த பில் வங்கிக்கு வேண்டுமே என்று விற்பவர் தயங்கினால், 2020 பதிப்பில் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: அப்படியொரு பில் கொடுக்கும்படி வாங்குபவர் கப்பல் நிறுவனத்துக்குச் சொல்ல ஒப்புக்கொள்ளலாம்.

மூலப்பொருளை சிஐஎஃப் (பொருள், காப்பீடு, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்த) விலையில் வாங்கும் இடங்களை இன்னும் கவனமாகப் பாருங்கள். கப்பல் கட்டணம் விலைக்குள் அடங்கிவிட்டதால் இலவசம் போலத் தெரியும். ஆனால் ஃபார்வர்டரை (சரக்கு அனுப்பும் முகவரை) தேர்ந்தெடுத்தவர் விற்பவர். இறங்கும் துறைமுகத்தில் ஆவணக் கட்டணம், கையாளும் கட்டணம் என்று விழுவதையெல்லாம் கட்டுபவர் நீங்கள், பேரம் பேச உங்களுக்கு இடமே இல்லை. எல்சிஎல் (ஒரே பெட்டியைப் பலர் பகிரும்) சரக்கில் இது நன்றாகவே கையைக் கடிக்கும். டிராக்கிங் தகவலும் உங்களுக்கு முறையாக வராது. காப்பீட்டிலும் ஒரு பள்ளம் உண்டு: சிஐஎஃப்பில் விற்பவர் குறைந்தபட்சக் காப்பீடு எடுத்தால் போதும், அதாவது இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாசஸ் 'சி'. சிஐபியில்தான் (போக்குவரத்தும் காப்பீடும் விற்பவர் கட்டும் இன்னொரு விதி) விரிவான 'ஏ' கட்டாயம். இன்னொரு முனையில், இஎக்ஸ்டபிள்யூ (விற்பவரின் வாசலிலேயே எடுத்துக்கொள்ளும்) விலையில் வாங்கினால் விற்பவரின் நாட்டில் ஏற்றுமதி அனுமதி எடுக்கும் பொறுப்பு உங்கள் மேல் விழும். அங்கே உங்களுக்குப் பதிவே இல்லாமல் இருக்கும்! அதிகச் சரக்கு வரும் இருபது சப்ளையர்களை எஃப்சிஏவுக்கு மாற்றினாலே டெண்டரில் காட்ட உங்கள் கையில் உள்ள பெட்டிகளின் எண்ணிக்கை ஏறும்.

கட்டணத்தைத் தொடாமலே செலவைக் குறைக்கும் இடம் பெட்டிக்குள் இருக்கிறது. 40 அடி ஹைக்யூப் (உயரம் கூடிய) பெட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 76 கன மீட்டர், உள் உயரம் சுமார் 2.69 மீட்டர். பலர் இந்த உயரத்தை வைத்துப் பேலட்டை (சரக்கு அடுக்கும் அடித்தட்டு) திட்டமிடுகிறார்கள். ஆனால் ஃபோர்க்லிஃப்ட் நுழைய வேண்டியது கதவு வழியாக; கதவின் உயரம் சுமார் 2.58 மீட்டர்தான். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பேலட், ஒவ்வொன்றும் 1.25 மீட்டர் என்றால் 2.50 ஆகும், நுழைந்துவிடும். ஒவ்வொன்றும் 1.30 மீட்டர் என்றால் 2.60, கதவில் இடிக்கும். ஐந்து சென்டிமீட்டருக்காக மேல் அடுக்கு முழுவதும் காற்றாகப் போகும். அட்டைப்பெட்டியின் உயரத்தை வடிவமைப்பவர் இதை அறிந்திருக்க மாட்டார், போய்ச் சொல்லுங்கள். அகலமும் அப்படித்தான். உள் அகலம் ஏறக்குறைய 2.35 மீட்டர். 1200-க்கு 1000 மில்லிமீட்டர் பேலட் இரண்டை 1200 பக்கமாக அருகருகே வைத்தால் 2.40, நுழையாது. ஒன்றை நீளவாக்கிலும் ஒன்றைக் குறுக்காகவும் மாற்றி மாற்றி வைத்து 40 அடியில் 20 அல்லது 21 வைப்பார்கள், பக்கத்தில் 15 சென்டிமீட்டர் இடைவெளி நிற்கும், அதைக் காற்றுப் பையால் அடைக்க வேண்டும். 1140-க்கு 1140 பேலட் இரண்டு 2.28-இல் கச்சிதமாக உட்காரும்.

லோடு ஏற்றும் முன் ஒருவர் காலிப் பெட்டிக்குள் போய்க் கதவை மூடச் சொல்லிப் பார்க்க வேண்டும். எங்காவது வெளிச்சம் புள்ளியாகத் தெரிந்தால் அந்தப் பெட்டி வேண்டாம்; அந்த ஓட்டை வழியாக மழை வரும். ஓட்டை இல்லாவிட்டாலும் நனையும் வாய்ப்பு உண்டு. ஈர மரப் பேலட்டிலிருந்தும் தரைப் பலகையிலிருந்தும் எழும் ஈரம், குளிர்ந்த கூரையில் பட்டு நீர்த்துளியாகிச் சரக்கின் மேல் சொட்டும். உலர்ந்த பேலட்டும் ஈரம் உறிஞ்சும் பைகளும்தான் மருந்து. மரப் பேலட்டில் ஐஎஸ்பிஎம் 15 (மரத்தில் பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி) முத்திரை இருக்க வேண்டும். வெப்ப முறையில் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியதற்கு அடையாளம் அது. முத்திரை இல்லாத ஒரே ஒரு பேலட் முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்ப வைக்கும். 2016 ஜூலை 1 முதல் சரிபார்த்த மொத்த எடையைச் சொல்லாமல் நிரம்பிய பெட்டி கப்பலில் ஏறாது. அதனால் அந்த எடையை (விஜிஎம்) அனுப்பும் வேலை யாருடையது என்று ஒவ்வொரு ஆலையிலும் ஒரு பெயர் எழுதியிருக்க வேண்டும்.

விமானச் செலவுக்கு ஒரே ஒழுங்கு போதும்: காரணம் எழுதாமல் ஒரு கிலோகூடப் பறக்கக் கூடாது, செலவு காரணமானவர் கணக்கில் விழ வேண்டும். ஆலை பிந்தினால் ஆலைக்கு, கணிப்பு தவறினால் விற்பனைக்கு. விமானத்தில் எடையும் அளவும் பார்த்து எது கூடுதலோ அதற்குக் காசு. 60, 50, 40 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டியின் அளவுகளைப் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் 20 கிலோ வரும். உள்ளே 12 கிலோ இருந்தாலும் 20 கிலோவுக்குக் கட்டுவீர்கள். அவசரம் என்றால் முழு ஆர்டரையும் ஏற்றாதீர்கள். கப்பல் வரும் வரை தாங்கும் அளவு மட்டும் போகட்டும். உங்கள் பொருளில் லித்தியம் பேட்டரி இருந்தால் விதிகள் கடுமையானவை. தனியாக அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரி பயணிகள் விமானத்தில் சரக்காகப் போகாது. சரக்கு விமானத்திலும் பொதுவாக 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது.

எச்எஸ் கோடு (சுங்கம் பொருட்களை வகைப்படுத்தும் எண்) பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் ஆறு இலக்கம் உலகுக்கே பொது. ஒரே உதிரிபாகத்துக்கு உங்கள் மூன்று நாட்டு அலுவலகங்கள் மூன்று விதமான ஆறிலக்கக் கோடு போட்டிருந்தால், குறைந்தது இரண்டு தவறு. ஒருவரைப் பொறுப்பாக்கி ஒரே பட்டியல் வையுங்கள். இன்வாய்ஸில் 'உதிரிபாகம்' என்று மொட்டையாக எழுதாமல் அது என்ன, எதனால் ஆனது, எதற்குப் பயன்படுவது என்று எழுதுங்கள்.

காப்பீடு இல்லாமல் எதுவும் கடலேற வேண்டாம். ஹேக்-விஸ்பி விதிகள் பொருந்தும் இடத்தில் கப்பல் நிறுவனத்தின் பொறுப்பு ஒரு பொதிக்கு 666.67 எஸ்டிஆர் அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர், எது கூடுதலோ அவ்வளவுதான். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. பில்லில் 'ஒரு கன்டெய்னர்' என்று மட்டும் எழுதினால் அதையே ஒரு பொதியாக வாதிடுவார்கள். '400 அட்டைப்பெட்டிகள்' என்று எழுதுங்கள். வெளியே தெரியாத சேதத்துக்கு மூன்று நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும், வழக்குக்கு ஓராண்டு கெடு. இன்னொன்று ஜெனரல் ஆவரேஜ்: கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன செலவைச் சரக்குக்காரர்கள் அனைவரும் பங்கிட வேண்டும், உங்கள் பெட்டிக்கு ஒரு கீறல் இல்லாவிட்டாலும். 2021 மார்ச் 23 அன்று சூயஸில் குறுக்கே நின்று ஆறு நாள் கால்வாயை அடைத்த எவர் கிவன் கப்பலில் அப்படித்தான் ஆயிற்று. காப்பீடு இருந்தால் காப்பீட்டு நிறுவனம் உத்தரவாதம் கொடுத்துப் பெட்டியை விடுவிக்கும். இல்லாவிட்டால் ரொக்கம் கட்டாமல் பெட்டி வெளியே வராது.

இவ்வளவும் கையில் வந்தபின் டெண்டருக்குப் போங்கள். அதற்குள் ஆலைகளிடம் இன்னொரு வேலை வாங்க வேண்டும். மாதம் 100 பெட்டி போகும் வழித்தடத்தில் கடைசி வாரத்தில் மட்டும் 50 போனால், வாரத்துக்கு 25 இடம் ஒதுக்கும் கப்பல் நிறுவனம் மீதி 25-ஐ அடுத்த கப்பலுக்கு உருட்டிவிடும், அல்லது ஸ்பாட் விலை (ஒப்பந்தத்துக்கு வெளியே அன்றைய சந்தை விலை) கேட்கும். இது மாதக் கடைசி விற்பனை இலக்கின் விளைவு. அனுப்புதலை நான்கு வாரத்துக்கும் பரப்பினால் உருட்டல் குறையும், திட்ட விலக்கமும் இறங்கும்.

டெண்டர் தாளில் வழித்தடம்வாரியாக வாரப் பெட்டி எண்ணிக்கை, இலவச நாட்கள், எரிபொருள் கூடுதல் கட்டணத்துக்கான சூத்திரம் மூன்றும் இருக்கட்டும். எரிபொருளை 'அவ்வப்போதைய விலைப்படி' என்று திறந்து விட்டால், அடிப்படைக் கட்டணத்தில் குறைத்ததை அதில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஒரு வழித்தடத்துக்கு இரண்டு லைன்களாவது வேண்டும்; உதாரணமாக 65 சதவீதம் முதலாமவருக்கு, 25 இரண்டாமவருக்கு, மீதி 10 ஸ்பாட்டுக்கு. 2016 ஆகஸ்ட் இறுதியில் ஹான்ஜின் ஷிப்பிங் நீதிமன்றப் பாதுகாப்பு கோரியபோது, பல துறைமுகங்கள் அதன் கப்பல்களை உள்ளே விடவில்லை, சரக்கு கடலிலேயே நின்றது. எல்லா முட்டைகளையும் அந்த ஒரே கூடையில் வைத்தவர்கள் பட்ட பாடு பெரிது. இரண்டு லைன் என்று பெயருக்கு வைத்தாலும் போதாது: ஒரே கூட்டணியில் உள்ள இரு நிறுவனங்கள் உங்கள் பெட்டிகளை ஒரே கப்பலில்தான் ஏற்றும். கப்பலின் பெயரையும் சேவையின் பெயரையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். முடிந்தால் இரண்டில் ஒன்று இடைத் துறைமுகம் இல்லாத நேரடிச் சேவையாக இருக்கட்டும்.

ஒவ்வொரு வழித்தடத்துக்கும் மாற்று வழியை முன்பே எழுதி வையுங்கள். 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது, ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே 10 முதல் 14 நாள் வரை கூடியது. அதே ஆண்டு வறட்சியால், பனாமா கால்வாய்க்கு நீர் தரும் காட்டுன் ஏரி வற்ற, அந்தக் கால்வாயில் தினசரிக் கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். 'பயண நாள் இத்தனைக்கு மேல் போனால், இந்தப் பொருட்களின் இருப்பை இவ்வளவு உயர்த்து, இவற்றை மட்டும் விமானத்துக்கு மாற்று, ஒப்புதல் தருபவர் இவர்' என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மேலே சொன்ன சேஃப்டி ஸ்டாக் கணக்கில் புதிய நாட்களைப் போட்டாலே அளவு கிடைத்துவிடும்.

டெண்டரின் காலத்தையும் பாருங்கள். ஆசியாவிலிருந்து அமெரிக்கா போகும் பசிபிக் வழித்தட ஒப்பந்தங்கள் வழக்கமாக மே 1-இல் தொடங்கும். ஆசியா–ஐரோப்பா ஒப்பந்தங்களில் பல ஜனவரியிலிருந்து ஓடும். அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஒரே டெண்டராக விடாமல் இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் அதன் தொடக்கத் தேதிக்கு மூன்று, நான்கு மாதம் முன் வெளியே போகட்டும். நிர்வாகத்திடம் 10 சதவீதத்தைக் கட்டணப் பட்டியலில் காட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள். கிடங்கில் இறங்கிய ஓர் உருப்படிக்கு ஆன மொத்தச் செலவில் காட்டுவதாகச் சொல்லுங்கள்: கட்டணம், டெமரேஜ், டிடென்ஷன், விமானம், காப்பீடு, இருப்பின் முதலீடு எல்லாம் சேர்ந்த எண்ணில். அந்த எண்ணின் இன்றைய அளவைக் கணக்கிடத் தேவையான நாட்கள் அந்த 150 வரிகளில் இருக்கின்றன. அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போங்கள்.